பம்பாயைப் பிளேக் தாக்கியபோது: ஒரு துறைமுக நகரின் சுகாதார நிர்வாகமும் நம் சமூகமும்

2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, அரசு அலுவலகங்கள் வெளியிட்ட அறிவிப்புகளில் ஒரு சட்டத்தின் பெயர் திரும்பத் திரும்ப இடம்பெற்றது: கொள்ளைநோய்கள் சட்டம், 1897. நான்கே பிரிவுகளைக் கொண்ட அச்சிறிய சட்டம் 1897 பிப்ரவரி 4 அன்று நிறைவேறியது. ஹிஜ்ரி 1314ஆம் ஆண்டின் ரமளான் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நோயைத் தடுக்கத் தேவையென அரசு கருதும் எந்த விதியையும் வகுக்கலாம், மீறுவோரைத் தண்டிக்கலாம், நல்லெண்ணத்துடன் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடுக்க இயலாது. சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். அதற்குக் காரணமாக அமைந்தது பம்பாய்த் துறைமுகத்தில் மூண்ட பிளேக்.

அந்த ஆண்டுகளைப் பற்றி இருவகைக் கதைகள் சொல்லப்படுகின்றன. அறியாமையில் மூழ்கிய மக்கள் அறிவியலை எதிர்த்துக் கலகம் செய்தார்கள் என்பது ஒன்று. அந்நிய ஆட்சி வேண்டுமென்றே நம் மார்க்கத்தில் கை வைத்தது என்பது மற்றொன்று. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இவ்விரண்டும் முழு உண்மையல்ல என்பது விளங்கும். நோயுற்ற ஊருக்குள் நுழையாதே, நோய் வந்த ஊரைவிட்டு வெருண்டு ஓடாதே என்ற நெறியைப் பதிமூன்று நூற்றாண்டுகளாகப் போற்றிவந்த சமூகம் நம்முடையது. தனிமைப்படுத்தல் நமக்குப் புதிய செய்தியன்று. அப்படியிருந்தும் பம்பாயின் முஸ்லிம் தெருக்கள் ஏன் கதவடைத்தன? இக்கேள்விக்கான விடை நமக்கு இன்றும் தேவைப்படுகிறது.

பருத்தியும் சாக்கடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் பெருநகராக வளர்ந்தது. 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட, இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. 1864ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 8,16,562. விலை சரிந்தபின் 1872இல் 6,44,405 ஆகக் குறைந்து, நெசவு ஆலைகளின் வளர்ச்சியால் 1891இல் மீண்டும் 8,21,764 ஆனது. கச்சு, கத்தியவார் கரைகளிலிருந்து மேமன்களும் கோஜாக்களும் போராக்களும் வணிகத்துக்கு வந்தனர். வட இந்தியாவில் தறி நொடிந்துபோன ஜுலாஹா நெசவாளர்கள் பிழைப்புத் தேடி வந்து மதன்புரா பகுதியில் குடியேறினர். தெற்கே கொங்கணி முஸ்லிம்கள் கப்பல் தொழிலில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தனர்.

இவ்வளவு மக்களின் உடல்நலத்தைப் பேணும் நிர்வாகம் 1865இல்தான் உருப்பெற்றது. அவ்வாண்டின் சட்டப்படி ஆர்தர் கிராஃபோர்டு நகராட்சி ஆணையராகவும், தாமஸ் ஹியூலெட் சுகாதார அதிகாரியாகவும் பொறுப்பேற்றனர். அதற்கு முன்பே, 1860இல், விஹார் ஏரியின் நீர் குழாய்வழியே நகருக்குள் வந்துவிட்டது. பின்னர் துளசி, 1892இல் தான்சா என ஏரிகள் சேர்ந்தன. ஆனால் உள்ளே வந்த நீரை வெளியேற்றும் சாக்கடைகள் அதே வேகத்தில் அமையவில்லை. கோட்டைப் பகுதியும் மலபார் குன்றும் பெற்ற கவனத்தை மாண்ட்வியும் காமாத்திபுராவும் பெறவில்லை. மண் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. அதன் மேல், காற்றும் ஒளியும் புகாத அறைகளில், பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன.

செலவிடுவோர் யார் என்பதில்தான் சிக்கல் இருந்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகராட்சியில் 72 உறுப்பினர்கள். அவர்களுள் 36 பேரை வட்டங்களில் வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். எஞ்சியோர் நீதிச் சான்றாளர்கள், பல்கலைக்கழகம், வணிகக் கழகம் ஆகியோராலும் அரசாலும் வந்தவர்கள். அதே 1888இல் ரஹீம்துல்லா சயானி அம்மன்றத்தின் தலைவராக அமர்ந்தார்; அப்பொறுப்பை ஏற்ற முதல் முஸ்லிம் அவரே. அது நம் சமூகத்துக்குப் பெருமைதான். எனினும் வாடகை அறையில் தறி நெய்த மதன்புராக்காரருக்கு வாக்கில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு வாக்கு உண்டு. சாக்கடை போட்டால் அவருக்கு வரி ஏறும். ஏழைத் தெருக்களின் கழிவுநீர் ஏன் ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்றது என்பதை விளங்கிக்கொள்ள இதுவே போதும்.

அந்நகரின் மலத்தைச் சுமந்து அகற்றிய தொழிலாளர்களை நிர்வாகம் 'ஹலால்கோர்' என்று அழைத்தது. அப்பணிக்கென வீட்டார் செலுத்திய வரிக்கும் அதே பெயர். முகலாயர் காலத்திலேயே வழங்கிவந்த சொல் அது. உழைத்து, ஆகுமான உணவை உண்பவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பேரரசர் அக்பர் துப்புரவாளர்களுக்கு இந்தக் கண்ணியமான பெயரைச் சூட்டியதாகக் கூறுவர். பெயர் கண்ணியமாயிருந்தது, வாழ்க்கை அவ்வாறிருக்கவில்லை. பெரும்பாலும் குஜராத்திலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்களான அவர்களே நகரின் உண்மையான சுகாதாரத் துறை. பிளேக் வந்தபோது ஆணையர் மிகவும் அஞ்சியது அவர்கள் நகரைவிட்டுப் போய்விடுவார்களோ என்பதைத்தான்.

ஹஜ் கப்பல்களும் ஐரோப்பாவின் அச்சமும்

இந்தியாவின் ஹாஜிகளுக்குப் பம்பாய் முதன்மையான வாசலாக விளங்கியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தோர் இங்கே கப்பலேறினர். 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. ஏறத்தாழ 90,000 ஹாஜிகளுள் 15,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டனர். அங்கிருந்து சூயஸ், அலெக்சாந்திரியா, மார்செய் என நோய் ஐரோப்பாவுக்குள் புகுந்தது. மறு ஆண்டே கான்ஸ்டான்டினோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. காலராவின் பிறப்பிடம் இந்தியா, அதைச் சுமந்து வருவோர் ஹாஜிகள் என்று அங்கே பேசப்பட்டது. 1882 முதல் செங்கடலின் கமரான் தீவில் உதுமானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையத்தை நடத்தியது. பம்பாயிலிருந்து சென்ற ஹாஜிகள் அங்கே இறக்கப்பட்டுப் பல நாள்கள் காத்திருக்க நேர்ந்தது.

நெருக்கி ஏற்றப்பட்ட கப்பல்களில் நோய் பரவியது மறுக்கவியலாத உண்மை. ஆனால் அக்காலமெல்லாம் பிரிட்டிஷ் அரசு கடுமையான தனிமைப்படுத்தலை எதிர்த்தே நின்றது. மக்களின் மார்க்கக் கடமையில் தலையிடலாகாது என்பதை அது ஒரு காரணமாகச் சொன்னது. வணிகக் கப்பல்கள் தடைபடக் கூடாது என்பது உள்ளிருந்த வலுவான காரணம். முப்பதாண்டுகள் கழித்து வணிகத்தின் நலன் திசைமாறியபோது, மார்க்கம் பற்றிய அந்த வாதம் எங்கே போயிற்று என்பதைக் கீழே காண்போம்.

மாண்ட்வியில் தொடங்கியது

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகள் நிறைந்த மாண்ட்வியில், மருத்துவர் அகாசியோ வியேகாஸ் தாம் பார்த்த காய்ச்சல் பிளேக் என்று அறிவித்தார். நோயை உண்டாக்கும் கிருமியை இரண்டாண்டுகளுக்கு முன் ஹாங்காங்கில் யெர்சின் கண்டறிந்திருந்தார். எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதைச் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல்தான் வெளியிட்டார். அதை அறிவுலகம் ஏற்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே 1896இல் நிர்வாகம் அழுக்கோடும் ஈரத்தோடும் போரிட்டது. சாக்கடைகளில் கடல்நீரைப் பாய்ச்சினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பும் கார்பாலிக் அமிலமும் பூசினர். வெயில் புக ஓடுகளைப் பிரித்தனர். துணிமணிகளை எரித்தனர். மனிதர் வாழத் தகாத வீடு என்று சுவர்களில் எழுத்துகளைப் பொறித்தனர். கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்துகொண்டிருந்தன.

அக்டோபர் 6 அன்று நகராட்சி ஆணையர் ஸ்னோ ஓர் ஆணை பிறப்பித்தார். சந்தேகத்துக்குரிய வீட்டுக்குள் அதிகாரிகள் நுழையலாம். நோயாளியை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். அம்மாதமே ஆலைத் தொழிலாளர் சுமார் ஆயிரம் பேர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். ஹலால்கோர்களும் ஓடிவிட்டால் நகரமே வாழத் தகாததாகிவிடும் என்று அஞ்சிய ஆணையர், மாத இறுதியில் ஆணையைத் தளர்த்தினார். மக்கள் வெளியேறுவது மட்டும் நிற்கவில்லை. 1897 பிப்ரவரிக்குள் சுமார் 3,80,000 பேர் சென்றுவிட்டதாக ஸ்னோ மதிப்பிட்டார். ஏறத்தாழ நகரில் பாதி. ஓடியவர்களோடு நோயும் ரயிலேறியது.

வாசற்படியைத் தாண்டிய நிர்வாகம்

ஐரோப்பிய நாடுகள் இந்தியச் சரக்குகளுக்குத் தடை விதிக்கக் கூடும் என்ற நிலை உருவானது. 1897 பிப்ரவரியில் வெனிஸ் நகரில் பன்னாட்டு மாநாடு கூடியது. அதே மாதத்தில் இந்திய அரசு அவ்வாண்டின் ஹஜ் பயணத்தை நிறுத்தியது. துல்ஹஜ் மாதம் அவ்வாண்டு மே மாதத்தில் வந்தது. வாழ்நாள் சேமிப்போடு காத்திருந்தோர் பலர். நோய் பரவும் ஊரிலிருந்து புனித மக்காவுக்குச் செல்லாதிருப்பது மார்க்க நெறிப்படி சரியே. ஆனால் அதை ஆலிம்களின் வாய்வழியாக, நபிமொழியின் ஒளியில் எடுத்துச் சொல்லியிருக்கலாம். மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் அரசாணை மட்டுமே. அதன் பின்னே பருத்தியும் தோலும் ஏற்றும் கப்பல்களின் கவலை இருந்ததையும் அவர்கள் அறியாமலில்லை.

நோன்புப் பெருநாளை ஒட்டிய நாள்களில், மார்ச் 5 அன்று, படைத் தளபதி கேட்டகரின் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி ஓரங்கட்டப்பட்டது. படைவீரர் துணையோடு மருத்துவர்கள் தெருவை வளைத்து வீடுவீடாகச் சோதித்தனர். ரயில் நிலையங்களில் பயணிகளின் அக்குளையும் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்த்து, நெறிக்கட்டு உண்டா எனத் தேடினர். பெண் மருத்துவர்கள் அமர்த்தப்பட்ட இடங்களும் உண்டு. எனினும் அவர்கள் மிகச் சிலரே. பர்தாவைப் பேணிய குடும்பத்துக்கு அந்தச் சோதனை நோயைவிடக் கொடிதாகப் பட்டது.

அடுத்து மரணம். அடக்கத்துக்கு முன் உடலைப் பரிசோதிக்க வேண்டும் என்ற விதி வந்தது. மையித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து, தாமதமின்றி நல்லடக்கம் செய்வது உயிரோடிருப்போர் மீதுள்ள கடமை. நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் ஆற்ற வேண்டிய உரிமை. மருத்துவமனைக்குச் சென்ற உறவினரைக் காண இயலாது, இறந்தால் யார் குளிப்பாட்டுவார் என்பதும் தெரியாது என்ற நிலையில், மக்கள் நோயாளிகளை ஒளித்தனர். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் அங்கே இறந்தனர். போனவர் திரும்புவதில்லை என்ற பேச்சு அதனால் உறுதிப்பட்டது. உடல்களை அறுத்து மருந்து வடிக்கிறார்கள் என்ற வதந்திகூட நம்பப்பட்டது. ஒளித்தலும் மரணமும் ஒன்றையொன்று வளர்த்தன.

இவ்விடத்தில் நம் தவற்றையும் சொல்லியாக வேண்டும். ஒளித்து வைத்த ஒவ்வொரு நோயாளியாலும் அக்கம்பக்கத்தார் ஆபத்துக்குள்ளாயினர். அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்யாதிருப்பது ஈமானோடு இணைத்துச் சொல்லப்பட்ட கடமை. அரசின் மீதிருந்த அவநம்பிக்கை எவ்வளவு நியாயமானதாயினும், அது அண்டை வீட்டாரின் உரிமையை நீக்கிவிடாது.

ஸர்க்கில் நடந்த கலந்தாலோசனை

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில் ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அங்கே புறப்பட்டுச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்க் என்னுமிடத்தில் செய்தி எட்டியது. அவர்கள் முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து பிளந்தது. அன்சாரிகளைக் கேட்டார்கள், அங்கும் பிளந்தது. பின்னர் குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். திரும்பிவிடுமாறு அவர்கள் ஒருமனதாகக் கூறினர். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். செழித்த கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமை காட்டினார்கள். அப்போது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட நபிமொழியை அறிவித்தார்கள். அந்நோயிலேயே பின்னர் அபூ உபைதா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) போன்றோர் மறைந்தார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்குப் பிரிந்து செல்லச் செய்தார்கள்.

இதில் நாம் வழக்கமாகத் தனிமைப்படுத்தலை மட்டும் எடுத்துக்காட்டுகிறோம். அதே அறிவிப்பில் உள்ள கலந்தாலோசனையைக் கடந்துவிடுகிறோம். பேரரசின் தலைவர் மூன்று குழுவினரிடம் கேட்டார்கள். எதிர்த்துப் பேசியவருக்குப் பொறுமையாக விளக்கம் அளித்தார்கள். பம்பாயின் நிர்வாகத்திடம் மருத்துவர்களும் பொறியாளர்களும் சட்டமும் இருந்தன. கேட்கும் வழக்கம்தான் இல்லை.

கேட்டபோது கிடைத்தவை

கேட்ட இடங்களில் பயன் விளைந்தது. முறையீடுகள் குவிந்தபின், சமூகங்கள் தத்தம் செலவில் தனி மருத்துவமனைகளை நடத்தலாம் என்று கேட்டகர் குழு இசைந்தது. பார்சிகள், ஜைனர்கள், கோஜாக்கள், மேமன்கள் எனப் பலரும் முன்வந்தனர். தம்மவர் சமைத்த உணவும், தம்மவர் பணிவிடையும், இறந்தால் முறைப்படி அடக்கமும் உண்டு என்றானபோது நோயாளிகளைக் கொண்டுவருவதில் இருந்த தயக்கம் குறைந்தது.

தடுப்பூசியும் அவ்வாறே. வால்டெமார் ஹாஃப்கின் பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்தை உருவாக்கி, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். பின்னர் இஸ்மாயிலி கோஜாக்களின் தலைவரான மூன்றாம் ஆகா கான், அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர், தம் குஷ்ரு மாளிகையை ஆய்வகத்துக்கு அளித்தார். மக்கள் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான கோஜாக்கள் விரும்பி வந்தனர். கொள்கையில் அவரோடு நமக்குள்ள வேறுபாடுகள் வேறு. தலைவர் முதலில் தம் கையை நீட்டினார் என்ற உண்மையிலிருந்து படிப்பினை பெறத் தடையில்லை.

மதன்புரா, மார்ச் 1898

ஆயினும் ஏழைத் தெருக்களில் சோதனை தொடர்ந்தது. கோஜா, மேமன் வணிகர்களிடம் மருத்துவமனை கட்டப் பணமிருந்தது, நெசவாளரிடம் இல்லை. 1898 மார்ச் 9 அன்று, மதன்புராவின் ஜுலாஹா நெசவாளர் குடியிருப்பில் நோயுற்ற பெண்ணொருத்தியைச் சோதனைக் குழுவினர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல முயன்றனர். தெரு எதிர்த்தது. காவல்துறை சுட்டது. கலகம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவி இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்தனர். மருத்துவமனைகள் தாக்கப்பட்டன, ஐரோப்பியப் படைவீரர் இருவரும் கொல்லப்பட்டனர். நோயைக் குணப்படுத்த வந்த இடத்தில் அப்பாவிகளின் இரத்தம் சிந்தியதை எத்தரப்பாரின் பெயராலும் நியாயப்படுத்த இயலாது.

அதன்பின் அரசு படிப்படியாகப் பின்வாங்கியது. வலுக்கட்டாயச் சோதனைகள் தளர்ந்தன. தாமே முன்வந்து போட்டுக்கொள்ளும் தடுப்பூசிக்கும், வீட்டைக் காலிசெய்வோருக்கு உதவுவதற்கும் முதன்மை கிடைத்தது. அவ்வாண்டே நகரச் சீரமைப்புக்கான அறக்கட்டளை தோன்றி, முஸ்லிம்கள் மிகுந்த நாக்பாடாவில் தன் முதல் திட்டத்தைத் தொடங்கியது. நெருக்கமான வீடுகள் இடிந்தன. அங்கிருந்த ஏழைகளுக்கு மாற்று வீடுகள் அதே அளவில் எழவில்லை. பிளேக் பல ஆண்டுகள் நீடித்து, இந்தியா முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

நமக்குரியது

இவ்வரலாற்றிலிருந்து இரு தரப்பாருக்கும் ஒரே பாடம் கிடைக்கிறது. சுகாதார நிர்வாகம் என்பது நீரும் சாக்கடையும் மருந்தும் மட்டுமன்று. அது ஓர் அமானத். வீட்டு வாசலில் நிற்பவர் தன் தாயை மதிப்பார் என்று மகன் நம்பினால்தான் கதவு திறக்கும். அந்நம்பிக்கையை ஊட்டுவது அதிகாரியின் கடமை. நம்பிக்கை உருவாகும்வரை காத்திராமல், அண்டை வீட்டாரைக் காக்க முன்வருவது நம் கடமை.

கொரோனாக் காலத்தில் நம்மைப் பழித்த குரல்களும் எழுந்தன. அதே நாள்களில் தமிழகத்தின் முஸ்லிம் இளைஞர்கள், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைச் சமயம் பாராமல் சுமந்து, அவரவர் முறைப்படி அடக்கம் செய்தனர். 1897இல் பம்பாயின் ஏழைகள் ஏங்கியது அந்தக் கண்ணியத்துக்காகத்தான். அடுத்த நோய் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது வருமுன் ஒவ்வொரு மஹல்லாவும் சிலவற்றை ஆயத்தப்படுத்தலாம்: அரசு மருத்துவரோடு பேசக்கூடிய ஒரு குழு, பெண்களைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள், நோய்ப் பாதுகாப்போடு மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்த சிலர், மிம்பரில் தெளிவாகப் பேசும் ஓர் ஆலிம். மதன்புராவின் அந்தத் தெருவில் இந்நால்வகையினரும் இருந்திருந்தால், 1898 மார்ச் 9 வேறு விதமாக முடிந்திருக்கக் கூடும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கொடிய நோய்களிலிருந்தும், நோயைவிடக் கொடிய அவநம்பிக்கையிலிருந்தும் காப்பானாக! ஆமீன்.